பிவண்டி தரும் பாடம்: காவல் நிலையத்தின் அழைப்பும் நமது பதிலும்

(தாணே மாவட்டத்தில் வசிக்கும் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)

தோழர்களே,

இன்றைய வகுப்புக்குத் தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் கிளைகளில் ஒன்றுதான் தேர்ந்தெடுத்தது. அந்தக் கிளைக்கு உட்பட்ட காவல் நிலையம் மொகல்லா கமிட்டியை மறுபடியும் அமைக்கப்போவதாகவும், கட்சியின் சார்பில் இருவர் பெயரைத் தர வேண்டும் என்றும் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. கிளைக் கூட்டத்தில் தோழர்கள் இரண்டாகப் பிரிந்து விவாதித்திருக்கிறார்கள். "போன மாதம் ஆலை வாசலில் நம்மைத் தடியால் அடித்தவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பதா?" என்று ஒரு தரப்பு கேட்டது. "நாம் போகாவிட்டால் அந்த நாற்காலியில் மதவெறியர்கள் உட்காருவார்கள்" என்று மறு தரப்பு சொன்னது. முடிவெடுக்க இயலாமல் மாவட்டக் குழுவுக்கு எழுதிவிட்டார்கள். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இதை ஒரு வகுப்பாகவே எடுத்துக்கொண்டு பேச வேண்டியிருக்கிறது.

மக்களுக்கு வெளியே நிறுத்தப்பட்ட படை

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். நம் நாட்டின் காவல்துறை மக்களின் பாதுகாப்புக்காகப் பிறந்ததன்று. 1857 பெரும் எழுச்சியை ஒடுக்கிய ஆங்கிலேய ஆட்சி, 1860இல் ஒரு ஆணையத்தை அமைத்து, அதன் பரிந்துரைப்படி 1861இல் காவல் சட்டத்தை இயற்றியது. அயர்லாந்தை அடக்கி வைக்க உருவாக்கப்பட்ட காவற்படையின் சாயல் அதில் உண்டு. அந்தப் படை பதில் சொல்லக் கடமைப்பட்டது மேலதிகாரிக்கும் ஆட்சியாளருக்கும் மட்டுமே. தெருவில் நடப்பவனுக்கு அது பதில் சொல்ல வேண்டியதில்லை. விடுதலைக்குப் பின்பும் அந்தச் சட்டத்தின் உயிர் போகவில்லை. 1977இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையம் 1981க்குள் எட்டு அறிக்கைகள் தந்தது. அவை தூசி படிந்து கிடந்தன. 1996இல் தொடுக்கப்பட்ட பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று ஏழு வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. அவற்றை முழுமையாகவும் நேர்மையாகவும் நிறைவேற்றிய மாநிலத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

காரணம் எளிது. காவல்துறை தன் கைக்குள் இருப்பதை எந்த ஆளும் வர்க்கமும் விரும்பும். மக்களின் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதை விரும்பாது. எனவே காவல் நிலையம் மக்களை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாலே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது மக்களுக்குப் பதில் சொல்ல வருகிறதா, அல்லது மக்களுக்குள் தனக்குக் கண்களையும் காதுகளையும் தேடி வருகிறதா? இந்த இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் கூட்டம் நடக்கும், தேநீர் தருவார்கள், புகைப்படம் எடுப்பார்கள். வேறுபாடு உள்ளே இருக்கிறது. அதை அறிய நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் பிவண்டிக்குப் போனால் போதும்.

எரிந்த ஊர், எரியாத ஊர்

பிவண்டியை நீங்கள் அறிவீர்கள். நாள் முழுவதும் விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர். உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து வந்த முஸ்லிம் நெசவாளர்களும், தெலங்கானாவிலிருந்து வந்த பத்மசாலி நெசவாளர்களும், மராட்டிய உழைப்பாளிகளும் ஒரே கொட்டகையில் நின்று ஓட்டும் தறிகள் அவை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நெய்த மீட்டருக்குத்தான் கூலி. 1982 மும்பை ஜவுளித் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குப் பின் பெரிய ஆலைகள் அடங்க, துணி உற்பத்தி இத்தகைய கொட்டகைகளுக்கு மேலும் நகர்ந்தது. சங்கம் இல்லாத, சட்டம் எட்டாத கொட்டகைகள்.

அந்த ஊர் இரு முறை எரிந்தது. 1970 மே மாதம் சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தில் தொடங்கிய கலவரம் ஒன்று. அதை விசாரித்த நீதிபதி மதோன் ஆணையம் காவல்துறையின் ஒருதலைச் சார்பை மறைக்காமல் எழுதியது. 1984 மே மாதம் மீண்டும் ஒரு முறை. அம்முறை தீ மும்பைக்கும் தாணேக்கும் பரவி, மொத்தத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டில் எங்கு கலவரம் என்றாலும் அடுத்தது பிவண்டி என்று பேசப்பட்ட காலம் அது.

1988இல் அந்த ஊருக்குக் காவல் துணை ஆணையராக வந்தவர் சுரேஷ் கோப்டே. அதற்கு முன்பும் அங்கே அமைதிக் கமிட்டிகள் உண்டு. கலவரம் வரும் என்று தோன்றும்போது அவற்றைக் கூட்டுவார்கள். அரசியல் பிரமுகர்கள், பணக்காரர்கள், இரு மதத்தின் பெரிய மனிதர்கள் வருவார்கள், பேசுவார்கள், போவார்கள். அவர்களில் சிலரே மறுநாள் ஊர்வலத்தின் முன்வரிசையில் நிற்பார்கள். கோப்டே இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார். மொகல்லா ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிட்டி. ஊர் முழுவதும் ஏறத்தாழ எழுபது கமிட்டிகள். அவற்றில் இந்துக்களும் முஸ்லிம்களும் சம எண்ணிக்கையில் இருந்தனர். பிரமுகர்களின் இடத்தில் சாதாரண மக்கள் அமர்ந்தனர். கலவரம் இல்லாத நாளிலும் அவை கூடின. ஒவ்வொரு கமிட்டிக்கும் பொறுப்பான காவலர் ஒருவர் இருந்தார்.

1992 டிசம்பர் 6 வந்தது. பாபர் மசூதி இடிக்கப்பட்டது. மும்பை டிசம்பரிலும் மறு ஜனவரியிலும் எரிந்தது. ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கணக்குப்படி மாண்டவர்கள் 900 பேர்; அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். தாராவியில் நம் தமிழர்களும் அந்த நாட்களின் துயரத்தை நேரில் கண்டார்கள். ஆனால் நாடே எதிர்பார்த்த பிவண்டி எரியவில்லை. கோப்டேவுக்குப் பின் பொறுப்பேற்ற அதிகாரியும் கமிட்டிகளைக் கைவிடாமல் நடத்தினார்; மக்கள் தெருத் தெருவாக விழித்திருந்தார்கள்.

எது அதைச் சாத்தியமாக்கியது?

முதலாளித்துவப் பத்திரிகைகள் இதை ஒரு நல்ல அதிகாரியின் கதையாகச் சொல்லின. அதிகாரி நல்லவர்தான், அதை மறுப்பது நியாயமன்று. ஆனால் நல்ல அதிகாரி மட்டும் போதும் என்றால், அவர் மாற்றலாகிப் போகும் நாளில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். பிவண்டியில் நடந்ததை நாம் நம் கண்ணால் பார்த்து மூன்று காரணங்களைப் பிரித்தறிய வேண்டும்.

ஒன்று, கமிட்டியில் உட்கார்ந்தவர்கள் கலவரத்தால் இழப்பவர்கள். ஊரடங்கு போட்டால் தறி நிற்கும். தறி நின்றால் மீட்டர் கணக்குக் கூலிக்காரனின் அடுப்பு அணையும். கலவரத்தால் லாபம் பெறுபவனைக் கமிட்டியில் உட்கார வைத்துவிட்டு அமைதியை எதிர்பார்க்க முடியாது.

இரண்டு, அது வதந்தியைவிட வேகமாக நடந்தது. கலவரம் பெரும்பாலும் முதலில் ஒரு பேச்சாகவே பிறக்கிறது. "அந்தத் தெருவில் நம்மவனைக் குத்திவிட்டார்கள்" என்று ஒருவன் ஓடி வருகிறான். அந்தத் தெருவில் யாரையும் தெரியாதவன் அதை நம்புவான். அங்கே இருக்கும் மனிதரோடு மாதாமாதம் உட்கார்ந்து பேசியவன், நம்புவதற்கு முன் அவரைத் தேடிப் போய்க் கேட்பான். அந்த இடைவெளியில்தான் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன.

மூன்று, கலவரம் இல்லாத காலத்தில் மக்களின் அன்றாடச் சிக்கல்கள் அங்கே பேசப்பட்டன. பக்கத்து வீட்டுச் சண்டை, தண்ணீர்க் குழாய்த் தகராறு, ஊர்வலப் பாதை. காவல் நிலையப் படி ஏறினால் அடி விழும், பணம் பிடுங்குவார்கள் என்று மட்டுமே அறிந்திருந்த மனிதன், தன் பெயரைச் சொல்லி அழைக்கும் ஒரு காவலரை முதன்முறையாகப் பார்த்தான். நம்பிக்கை என்பது சாதாரண நாட்களில் சேர்த்து வைக்கப்படும் பொருள். நெருக்கடி நாளில் அதைச் செலவழிக்கலாமே தவிர, அன்று புதிதாகச் சம்பாதிக்க முடியாது.

மும்பையிலும் 1993க்குப் பின் ஜூலியோ ரிபெய்ரோ, அப்போதைய காவல் ஆணையர் சதீஷ் சஹானி போன்றோரின் முயற்சியில் மொகல்லா கமிட்டிகள் அமைக்கப்பட்டன. பிவண்டியின் அனுபவமே அதற்கு முன்மாதிரி.

2006: அதே ஊரில் மறுபக்கம்

பாடத்தின் மறுபாதியையும் சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். 2006 ஜூலையில் அதே பிவண்டியில் ஒரு காவல் நிலையத்திற்குக் கட்டடம் கட்டும் வேலை தொடங்கியது. அந்த நிலம் முஸ்லிம்களின் கல்லறைத் தோட்டத்திற்குச் சொந்தமானது என்று மக்கள் எதிர்த்தனர். எதிர்ப்பு மோதலானது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். அதன் பின் ஆத்திரம் கொண்ட கும்பல் காவலர்கள் இருவரைக் கொன்றது.

யோசித்துப் பாருங்கள், தோழர்களே. 1992இல் நாடே பற்றியெரிந்தபோது எரியாத ஊர், 2006இல் ஒரு கட்டடத்திற்காக நான்கு உயிர்களைப் பறிகொடுத்தது. அதற்குள் கமிட்டிகளில் பழைய உயிர் இல்லை. அவை சட்டத்தில் எழுதப்பட்டவை அல்ல. அதிகாரிகளின் விருப்பத்தில் நின்றவை. விருப்பம் போனதும் வேர் காய்ந்தது. மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு இடத்தில் கட்டியிருக்கக்கூடிய ஒரு கட்டடம் அது. மக்களுக்கு நெருங்கி வருவதற்காகக் கட்டப்படும் காவல் நிலையமே மக்களைக் கேளாமல் கட்டப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நீதி இல்லாத அமைதி

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2007இல் மகாராஷ்டிர அரசு 'தண்டா முக்தி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தகராறற்ற கிராமம் என்பது அதன் பொருள். கிராமத்துச் சச்சரவுகளைக் கிராமக் கமிட்டியே பேசித் தீர்த்துக்கொண்டால் அந்தக் கிராமத்திற்குப் பரிசுத் தொகை உண்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. வரப்புத் தகராறுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடப்பதைவிட ஆலமரத்தடியில் பேசித் தீர்ப்பது ஏழைக்கு நல்லதுதான்.

ஆனால் அந்த ஆலமரத்தடியில் யார் நாற்காலியில் உட்காருகிறார், யார் கைகட்டி நிற்கிறார்? 2006 செப்டம்பர் 29 அன்று பண்டாரா மாவட்டத்துக் கயர்லாஞ்சியில் ஒரு தலித் குடும்பத்தின் நான்கு பேர் ஊர்க் கும்பலால் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். அதே கயர்லாஞ்சி 2010இல் தகராறற்ற கிராமம் என்ற பரிசுக்குத் தேர்வு செய்யப்பட்டது. நாடு அதிர்ந்தது. தகராறு செய்வதற்கு ஆள் இல்லாமல் போனால் கிராமம் அமைதியாகத்தான் இருக்கும்! புகார்களின் எண்ணிக்கை குறைவதே அமைதியின் அளவுகோல் என்றால், தலித் மக்களின் புகாரும், அடிபட்ட பெண்ணின் புகாரும், கூலி கிடைக்காத தொழிலாளியின் புகாருமே முதலில் 'பேசித் தீர்க்கப்படும்'. வன்கொடுமை வழக்கில் சமரசம் பேசும் கமிட்டி நமக்குத் தேவையில்லை. அத்தகைய கமிட்டியில் நம் தோழர் ஒருவர் உட்கார்ந்திருந்தால், சமரசக் காகிதத்தில் நம் கட்சியின் கையெழுத்தும் விழுந்ததாகவே பொருள்.

மக்களையே படையாக்கும் வழி

மூன்றாவது வடிவமும் இருக்கிறது. மக்களில் சிலரைத் தேர்ந்தெடுத்துக் காவல்துறையின் கைத்தடியாக்குவது. சத்தீஸ்கரில் 2005இல் தொடங்கிய சல்வா ஜூடும் இதன் உச்சம். ஆதிவாசி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்கள் என்று பெயரிட்டு, ஆயுதம் கொடுத்து, தம் மக்களுக்கு எதிராகவே நிறுத்தினார்கள். அது அரசமைப்புச் சட்டத்திற்கு எதிரானது என்று 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு செய்தி. இராமநாதபுரம் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பு நல்ல நோக்கம் சொல்லித்தான் தொடங்கப்பட்டது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் வியாபாரிகளான தந்தையும் மகனும் காவல்துறையின் சித்திரவதைக்குப் பின் இறந்தபோது, அந்த அமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே மாநில அரசு அவ்வமைப்புக்குத் தடை விதித்தது. நான் இதைச் சொல்வது யாரையும் இங்கே விசாரிக்க அல்ல. ஒரு கேள்விக்காகத்தான்: காவல் நிலையத்தின் நான்கு சுவர்களுக்குள் மக்களின் பிரதிநிதி நுழைகிறார் என்றால், அங்கே விழும் அடியைத் தடுக்க அவருக்கு அதிகாரம் உண்டா? இல்லை என்றால் அவர் அங்கே சாட்சியாகக்கூட இல்லை, அலங்காரமாகவே இருக்கிறார்.

கேரளம் காட்டும் திசை

இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில், 2008 மார்ச் மாதம் கேரளம் 'ஜனமைத்ரி சுரக்ஷா' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 20 காவல் நிலையங்கள், பின்னர் விரிவாக்கம். பகுதிக் காவலர் வீடு வீடாகப் போய் மக்களை அறிந்திருக்க வேண்டும். மக்கள் சமிதியோடு கூட்டம் நடத்த வேண்டும். 2010இல் மாணவர் காவல் படைத் திட்டம் வந்தது. முக்கியமான அடுத்த படி 2011இல் எடுக்கப்பட்டது. அந்த ஆண்டின் கேரளக் காவல் சட்டம், மக்கள் தொடர்புக் கமிட்டிகளுக்குச் சட்டத்திலேயே இடம் தந்தது. பிவண்டியில் அதிகாரியின் விருப்பமாக இருந்தது, கேரளத்தில் சட்டத்தின் சொல்லாயிற்று.

இதனால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2018இல் வராப்புழையிலும், 2019இல் நெடுங்கண்டத்திலும் காவல் கொட்டடி மரணங்கள் நிகழ்ந்தன. அப்போதும் ஆட்சியில் இருந்தது இடது முன்னணிதான். அதை மறைப்பது நமக்கு அழகன்று. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே போய் உட்கார்ந்து கேள்வி கேட்பது மக்களின் வேலை. அந்த வேலை ஓய்ந்த இடத்தில் 1861இன் ஆவி திரும்பி வருகிறது.

கிளைக்கு நமது பதில்

எனவே கிளையின் கேள்விக்கு வருகிறேன். மாவட்டக் குழுவின் கருத்து: போக வேண்டும். ஆனால் கட்சியின் நிபந்தனைகளோடு போக வேண்டும்.

முதலாவது, கமிட்டியில் யார் யார் என்பதை மொகல்லாவின் பொதுக் கூட்டம் அறிய வேண்டும். தறித் தொழிலாளர், வீட்டு வேலை செய்யும் பெண்கள், தலித் குடியிருப்பினர், இரு மதத்தினர் ஆகியோருக்கு இடம் வேண்டும். கொட்டகை முதலாளிகளும் கட்டட ஒப்பந்ததாரர்களும் மட்டும் நிரம்பிய கமிட்டி என்றால் அதை ஊரறியச் சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும்.

இரண்டாவது, பேசியதும் முடிவு செய்ததும் எழுதப்பட வேண்டும். அடுத்த கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, நம் தோழர் தகவல் சொல்லியாக இருக்க மாட்டார். யார் வீட்டுக்கு யார் வந்தார், யார் எந்தச் சங்கத்தில் சேர்ந்தார், வங்காள மொழி பேசும் கூலித் தொழிலாளி எங்கே தங்கியிருக்கிறார் என்பவை கமிட்டியின் விவகாரங்கள் அல்ல. இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

நான்காவது, குற்றங்களில் சமரசம் பேசக் கூடாது. லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது: கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்தாக வேண்டும். பதியாத புகார்களின் பட்டியலை ஒவ்வொரு கூட்டத்திலும் நம் தோழர் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, கைது நடந்தால் டி.கே.பாசு வழக்கில் 1996இல் விதிக்கப்பட்ட நெறிகள் பின்பற்றப்படுகின்றனவா, கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா, குடும்பத்துக்குத் தகவல் சொன்னார்களா என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நம் நிலையத்தில் அது ஓடுகிறதா, பதிவு சேமிக்கப்படுகிறதா? கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. பதில் வராவிட்டால், 2014 சட்டத் திருத்தத்தின் வழி இம்மாநிலத்தில் ஏற்படுத்தப்பட்ட காவல் புகார் ஆணையத்தின் கதவைத் தட்ட வேண்டும்.

இப்போது அந்த இளம் தோழரின் கேள்விக்கு. ஆலை வாசலில் அடித்தவர்களோடு உட்காருவதா என்று கேட்டார். அவர் முதுகில் இன்னும் தழும்பு இருக்கிறது; கோபம் நியாயமானது. அவருக்கு நான் சொல்வது இதுதான்: நாளை வேலைநிறுத்தம் வந்தால் அந்தத் தடி மறுபடியும் ஓங்கப்படும். கமிட்டியில் உட்கார்ந்ததால் அது தாழாது. அரசு இயந்திரத்தின் வர்க்கத் தன்மை தேநீரில் கரைவதில்லை. ஆனால் தறி ஓட்டும் முஸ்லிம் தோழரையும் பத்மசாலி தோழரையும் ஒருவர் கழுத்தை ஒருவர் அறுக்கச் செய்துவிட்டால், வேலைநிறுத்தமே இருக்காது. பிரிந்த தொழிலாளியை அடிக்க முதலாளிக்குத் தடிகூடத் தேவையில்லை. கலவரத்தைத் தடுக்கும் ஒவ்வொரு கருவியும் நமக்கு வேண்டும். அதில் ஒன்று கமிட்டி, ஒன்று மட்டுமே.

மற்றது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காவல் நிலையம் கூட்டும் கமிட்டி இருக்கட்டும், இல்லாமற்போகட்டும்; நம் கிளை மாதம் ஒருமுறை தன் மொகல்லாவில் இரு மதத்தினரையும் உட்கார வைக்கிறதா? தண்ணீர்க் குழாய், ரேஷன் அட்டை, தறிக் கூலி ஆகியவற்றைச் சேர்ந்து பேச வைக்கிறதா? 1988இல் ஒரு காவல் அதிகாரி செய்த வேலையை ஒரு கம்யூனிஸ்ட் கிளை செய்யவில்லை என்றால், குறை காவல்துறையிடம் மட்டும் இல்லை. நம் வேலை அங்கே நடந்தால், அதிகாரி மாற்றலாகிப் போனாலும், கமிட்டி கலைக்கப்பட்டாலும், வதந்தி வரும் இரவில் கதவைத் தட்டிக் கேட்க ஒரு மனிதர் இருப்பார்.

கிளைத் தோழர்கள் ஊர் திரும்பியதும் இரண்டு பெயர்களை எழுதிக் கொடுங்கள். அவற்றில் ஒன்று பெண் தோழரின் பெயராக இருக்கட்டும். இன்னொன்று, அந்தக் கேள்வியைக் கேட்ட இளம் தோழரின் பெயராகவே இருக்கட்டும். கேள்வி கேட்கத் தெரிந்தவர்தான் அந்த நாற்காலிக்குப் பொருத்தமானவர்.